‘இதில் மக்கள் எங்கே?’: மக்கள் தொடர்பு படிக்க வருபவர்களுக்கு

மக்கள் தொடர்புப் படிப்பில் நான் எழுதிய முதல் உள்தேர்வில், ஒரு நிறுவனத்தின் புதிய திட்டத்தை அறிமுகப்படுத்தும் வழிகளைக் கேட்டிருந்தார்கள். நான்கு பக்கம் எழுதினேன். செய்தியாளர் சந்திப்பு, தொலைக்காட்சி நேர்காணல், துண்டறிக்கை, சமூக ஊடகப் பதிவுகள் என எதையும் விட்டுவைக்கவில்லை. விடைத்தாள் திரும்பி வந்தபோது பாதி மதிப்பெண்தான் இருந்தது. ஓரத்தில் பேராசிரியர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இதில் மக்கள் எங்கே?’

அன்று அந்த வரி எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. இன்று இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் வழி கேட்டால், நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அந்த வரியைத்தான். துறையின் பெயரிலேயே மக்கள் முன்னால் நிற்கிறார்கள். படிக்க வந்தவுடன் நாம் பிடித்துக்கொள்வதோ தொடர்பை. எந்த ஊடகம், எந்த நிகழ்ச்சி, எந்த வாசகம் என்று ஓடுகிறோம். யாரிடம் பேசப்போகிறோம், அவர்கள் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று நின்று பார்ப்பதில்லை. ‘பொதுமக்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஒரு தொழிற்சாலைக்கு அதன் ஊழியர்கள் ஒரு கூட்டம், பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்கள் வேறு கூட்டம், பங்கு வாங்கியவர்கள் இன்னொரு கூட்டம். ஒருவருக்கு நற்செய்தியாக இருப்பது மற்றவருக்கு அச்சமாக இருக்கலாம்.

இந்த ஒரு தெளிவு வந்தபிறகு பாடங்களும் வேறு மாதிரித் தெரிந்தன. வரலாற்றுப் பாடத்தைப் பலரும் ஆண்டுகளின் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு ஒவ்வொரு நிகழ்விலும் ‘இங்கே மக்கள் எங்கே இருந்தார்கள்?’ என்று கேட்டுப் படித்தேன். 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதே ரயில் நிறுவனங்களின் வழக்கமாக இருந்த காலம் அது. பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த ஐவி லீ, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்கு நிறுவனத்தின் பெயரிலேயே கொடுத்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சுட்டுவது அதைத்தான். அதே ஆண்டில், தங்கள் வேலை வெளிப்படையாகவே நடக்கும், தரும் தகவல் துல்லியமாக இருக்கும் என்று பத்திரிகை ஆசிரியர்களுக்கு அவர் ஓர் அறிவிப்பும் அனுப்பினார். ‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல் எனக்கு உயிர் பெற்றது அந்த ரயில் விபத்தைப் படித்தபோதுதான்.

எட்வர்ட் பெர்னேஸைப் படிக்கும்போது நெருடல் வந்தால், அந்த நெருடலைக் கைவிடாதீர்கள். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டின் உறவினரான அவர், மனித மனத்தைப் பற்றிய அறிவை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தவர். அதே அறிவைக் கொண்டுதான் 1929இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டுடன் நடக்கவைத்து, ஒரு சிகரெட் நிறுவனத்தின் விற்பனையைப் பெண் விடுதலையாகக் காட்டினார். அந்த ஊர்வலத்தில் மக்கள் இருந்தார்கள், ஆனால் கருவியாக. தேர்வில் இதைப் பாராட்டாக மட்டும் எழுதிவிட்டு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. உத்தி வென்றது என்றும் எழுதினேன், அது செய்த தீங்கையும் எழுதினேன். மதிப்பெண் குறையவில்லை.

கோட்பாடுகளில் ஒன்றை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால், ஜேம்ஸ் குரூனிக், டாட் ஹன்ட் ஆகிய ஆய்வாளர்கள் 1984இல் வகுத்த நான்கு மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் விளம்பரத் தேடல், ஒருவழித் தகவல், கேட்டறிந்து நம் பக்கம் இழுக்கும் இருவழி, கேட்டறிந்து நாமும் மாறத் தயாராக இருக்கும் இருவழி. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் உயிர். இரண்டிலும் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். கேட்டபிறகு யார் மாறுகிறார்கள் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இனித் தேர்வு. ஒரு நிகழ்வைத் தந்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் நிகழ்வாய்வுக் கேள்விதான் மாணவர்களைக் கவிழ்க்கிறது. கேள்வியைப் படித்த உடனே தீர்வு எழுதத் தொடங்கிவிடுகிறோம். நான் பழக்கிக்கொண்டது இது: முதல் பத்து நிமிடம் விடை எழுதுவதில்லை. விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இந்த நிகழ்வில் யார் யார் பாதிக்கப்படுகிறார்கள், யார் யாருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது, ஒவ்வொருவரும் இந்த நிமிடம் எதை அறிய விரும்புவார்கள் என்று மூன்று வரிசையாகக் குறித்துக்கொள்வேன். அதன்பிறகு விடை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். குறிக்கோளை எழுதும்போது ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று நிறுத்திவிடாதீர்கள். யாரிடம், எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்பது இல்லாத குறிக்கோளை இறுதியில் அளக்க முடியாது. மதிப்பீடு என்ற பகுதியைப் பெரும்பாலோர் கடைசி இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எத்தனை பத்திரிகையில் வந்தது என்பது நாம் செய்த வேலையின் கணக்கு. அதனால் யார் மனம் மாறியது, யார் என்ன செய்தார்கள் என்பதே பயன். செய்தி வந்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி ‘இவ்வளவு மதிப்பு’ என்று காட்டும் பழைய முறையை மக்கள் தொடர்பின் பயனை அளக்க 2010இல் உருவான பார்சிலோனா கொள்கைகளே ஏற்க மறுத்துவிட்டன. இந்த ஒரு செய்தியைச் சரியான இடத்தில் எழுதினால், திருத்துபவருக்கு உங்கள் படிப்பின் ஆழம் தெரியும்.

நெருக்கடிக்காலத் தொடர்புக்கு டைலனால் என்ற வலிநிவாரணி மருந்தின் நிகழ்வை எல்லோரும் எழுதுவார்கள். 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ மாத்திரைகளில் சயனைடு கலந்ததால் ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. பிறகு யாராவது திறந்திருந்தால் கண்டுபிடிக்கக்கூடிய உறையுடன் மருந்தை மீண்டும் கொண்டுவந்தது. ‘நன்றாகப் பேசினார்கள், பிழைத்தார்கள்’ என்று விடையை முடிப்பது தவறு. அவர்கள் பேசியதைவிடச் செய்தது பெரிது. மருந்தைக் கடைகளில் விட்டுவைத்துக்கொண்டு எத்தனை அழகான அறிக்கை வெளியிட்டிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதன் பக்கத்தில் 1989இல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டிய நிகழ்வை வைத்து ஒப்பிடுங்கள். நிறுவனத் தலைவர் உடனே அந்த இடத்துக்குப் போகாததைத்தான் உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. இதில் நெருக்கடித் தொடர்பு ஆய்வாளர் டிமதி கூம்ப்ஸின் கோட்பாட்டையும் சேர்த்தால் விடை முழுமை பெறும். நிறுவனமே பலியானதா, எதிர்பாராமல் நேர்ந்ததா, தடுத்திருக்கக்கூடியதா என்பதைப் பொறுத்து மக்கள் சுமத்தும் பொறுப்பு மாறும் என்கிறார் அவர். நம் பதிலும் அதற்கேற்ப மாற வேண்டும்.

எழுத்துப் பயிற்சிக்கு நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன், இதைப்போல் உதவியது வேறில்லை. தினமும் காலையில் செய்தித்தாளை எடுத்து, எந்தச் செய்தி செய்தியாளர் தேடிப் போனது, எது செய்திக்குறிப்பிலிருந்து வந்தது என்று ஊகித்துக் குறிப்பேன். பிறகு அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் மூலக் குறிப்பைத் தேடுவேன். கிடைத்தால், ஆசிரியர் குழு எதை வெட்டியது, எதை மேலே ஏற்றியது என்று வரி வரியாக ஒப்பிடுவேன். பெரும்பாலும் வெட்டப்படுபவை ‘பெருமையுடன் அறிவிக்கிறது’, ‘முன்னணி நிறுவனமான’ போன்ற தொடர்கள்தான். மூன்று மாதம் இப்படிச் செய்தபிறகு அந்தச் சொற்களை எழுத என் கையே கூசியது.

பயிற்சிப் பணிக்கு இரண்டு இடங்களுக்குப் போனேன். முதலாவது ஒரு மக்கள் தொடர்பு ஆலோசனை நிறுவனம். விடியற்காலையில் செய்தித் தொகுப்பு, பிறகு செய்தியாளர் பட்டியலைச் சரிபார்த்தல், பிறகு தொலைபேசி. சலிப்பான வேலை என்று நண்பர்கள் வருந்தினார்கள். அந்தப் பட்டியல்தான் எனக்குப் பாடம் சொன்னது. சுகாதாரப் பிரிவிலிருந்து வணிகப் பிரிவுக்கு மாறிப்போன ஒரு செய்தியாளருக்கு, பழைய பட்டியலைப் பார்த்து மருத்துவச் செய்தி ஒன்றை அனுப்பினேன். ‘என் கடந்த ஆறு மாதச் செய்திகளில் ஒன்றைப் படித்திருந்தால் இதை எனக்கு அனுப்பியிருக்க மாட்டீர்கள்’ என்று பதில் வந்தது. அன்றிலிருந்து யாருக்கு எழுதினாலும் அவர் எழுதியதில் மூன்றையாவது படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். செய்தியாளரும் மக்களில் ஒருவர்தானே.

இரண்டாவது இடம் ஒரு மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவு. வெளிநோயாளிகள் நெடுநேரம் காத்திருப்பதாகப் புகார்கள் குவிந்திருந்தன. ‘விரைவான சேவை’ என்ற பிரசாரம் ஒன்றைத் தயாரிக்க நிர்வாகம் சொன்னது. வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத வரவில்லை. என் மேலாளரிடம், ‘அம்மா, இரண்டு நாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டு எழுதட்டுமா?’ என்று கேட்டேன். ‘போய் உட்காருங்கள், ஆனால் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்’ என்றார். இரண்டு நாளில் 84 பேரிடம் பேசினேன். காத்திருப்பதைவிட, இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரியாமல் இருப்பதே அவர்களை வாட்டியது. கழிவறைக்குப் போனால் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று எழுந்திருக்கவே பயந்தார் ஒரு முதியவர். பிரசாரம் வேண்டாம், வரிசை எண்ணைக் காட்டும் பலகை வையுங்கள், மருத்துவர் வரத் தாமதமானால் ஒருவர் வந்து நேரில் சொல்லட்டும் என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதை நிர்வாகக் கூட்டத்தில் படித்துக் காட்டினார். பலகை வந்தது. புகார்கள் முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. கேட்டறிந்து நாமும் மாறும் அந்த நான்காவது மாதிரியைப் புத்தகத்தில் பலமுறை படித்திருந்தேன். அந்தக் கூடத்தில்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

வேலை வழிகளைத் தேடும்போதும் சம்பளத்துக்கு அடுத்தபடியாக இதையே கேளுங்கள்: எந்த மக்களோடு நாள் முழுவதும் இருக்க உங்களுக்குப் பிடிக்கும்? செய்தியாளர்களின் வேகம் பிடித்தால் ஆலோசனை நிறுவனம். அங்கே ஒரே வாரத்தில் ஐந்து துறைகளைத் தொட்டுப் பார்க்கலாம், உழைப்பும் கடுமையாக இருக்கும். ஒரே நிறுவனத்தை உள்ளும் புறமும் அறிய விரும்பினால் அதன் சொந்தத் தொடர்புப் பிரிவு. கணக்கறிக்கை படிக்கத் தெரிந்தவர்களுக்கு முதலீட்டாளர் தொடர்பு என்ற வழி இருக்கிறது. நம் மாணவர்கள் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அரசுத் துறை, தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம், விளையாட்டு அமைப்பு எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. என்னைக் கேட்டால், உரிய மதிப்புக் கிடைக்காமல் இருப்பது ஊழியர் தொடர்புதான். தன் நிறுவனத்தில் நடப்பதைச் செய்தித்தாள் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஊழியர், வெளியே அதைப் பற்றி நல்லபடியாகப் பேசுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது? முதல் வேலையிலேயே வழியைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் மாறியவர்களே அதிகம்.

செய்திக்குறிப்பின் முதல் வரைவை இப்போது மென்பொருளே எழுதித் தருகிறது. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். குறிப்பேட்டோடு கூடத்தில் உட்கார்ந்து முதியவரின் பயத்தைக் கேட்டுவரும் வேலை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பெயரில் பொய்யான பாராட்டுக் கருத்துகளை எழுதித் தரும்படி யாராவது எப்போதாவது உங்களிடம் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், மறுத்தேன். அந்த ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. மறுப்பதற்கு நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை. 1947இல் தொடங்கிய அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம், 1955இல் உருவான சர்வதேச மக்கள் தொடர்புச் சங்கம் போன்றவை நெறிமுறைகளை எழுதி வைத்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் போட்ட விதியைக் காட்டி மறுக்கும்போது குரல் நடுங்காது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களோடு ஒரு கோப்பும் கொண்டுபோங்கள்: நீங்கள் எழுதிய இரண்டு செய்திக்குறிப்பு, ஒரு நெருக்கடி அறிக்கை, ஒரு முழுத் திட்டம் போதும். நான் என் முதல் நேர்காணலுக்குப் போனபோது அந்தக் கோப்பின் கடைசியில் மருத்துவமனைக் குறிப்பேட்டின் நகலையும் வைத்திருந்தேன். கேள்வி கேட்டவர் செய்திக்குறிப்புகளை வேகமாகப் புரட்டிவிட்டு, கோணல்மாணலான அந்தப் பென்சில் பக்கங்களில் நின்றார். மீதி இருபது நிமிடமும் நாங்கள் அந்த 84 பேரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.