ஆயியின் 18 இலக்கமும் ஆறு நாணயங்களும்

18 இலக்கம். முதலில் அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

சீனாவில் பொதுமக்களுக்கு வெளியாகும் நினைவு நாணயம் வேண்டுமென்றால் வங்கியில் முன்பதிவு செய்ய வேண்டும். முன்பதிவுப் பக்கம் கேட்பது சீனக் குடிமக்களின் அடையாள எண். அது 18 இலக்கம் கொண்டது. என்னிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். அந்த எண்ணை எப்படிப் போட்டாலும் பெட்டி சிவப்பாகவே நின்றது. ஹைனான் தீவின் தலைநகர் ஹைக்கோவில் மருத்துவம் படிக்கப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹைனான் வெப்பமண்டல மழைக்காடு தேசியப் பூங்காவுக்கு நாணயம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்தக் காட்டின் கிப்பன் குரங்குக்காகத்தான் எனக்கு அந்த நாணயம் வேண்டும்.

ஏன் இவ்வளவு ஆசை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் வால்பாறைக்காரி. அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் சாவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பிறகு சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். முதலில் பயந்துகொண்டு கிளையிலேயே உட்கார்ந்திருந்தவை, பழகியதும் வரிசையாகப் போக ஆரம்பித்தன. அதைப் பார்க்க அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்.

ஹைக்கோவுக்கு வந்த பிறகுதான் ஹைனான் கிப்பனைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இந்தத் தீவின் மேற்கே பாவாங்லிங் மலைக்காட்டில் மட்டும்தான். 1950-களில் 2,000 அளவுக்கு இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மரம் வெட்டினார்கள், வேட்டையாடினார்கள். 1970-களின் முடிவில் பத்துக்கும் குறைவாகக் குறைந்துவிட்டது. ஒரு பெண் கிப்பன் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும், அடுத்த குட்டிக்கு இரண்டு வருடமாவது ஆகும். அப்படிப்பட்ட உயிர் அந்த எண்ணிக்கையிலிருந்து மீண்டு இன்று ஏழு குடும்பங்களாக 42 வரை வந்திருக்கிறது. உலகத்தில் உள்ள மொத்தமே அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் இருந்ததே அதைவிட அதிகம்.

2014 ஜூலையில் ரம்மசூன் புயல் ஹைனானைத் தாக்கியபோது பாவாங்லிங்கில் மண் சரிந்து, ஒரு குடும்பம் போய்வரும் மரப்பாதை அறுந்துபோனது. நடுவே சுமார் 15 மீட்டர் வெற்றிடம். கிப்பன் தரையில் இறங்கிப் போகிற விலங்கு இல்லை. அத்தனை தூரத்தையும் தாவித்தான் கடந்தன, விழுந்தால் உயிர் போகும். ஹாங்காங்கின் கடூரி பண்ணை, தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர்கள் 2015-இல் மலையேறுபவர்கள் பயன்படுத்தும் வலுவான கயிறு இரண்டை அங்கே கட்டினார்கள். கேமரா வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம், ஒன்றும் வரவில்லை. 176-ஆவது நாள்தான் முதல் கிப்பன் அதில் கால் வைத்தது. அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்: கீழ்க் கயிற்றில் பாதம், மேல் கயிற்றில் கை, நாம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர்வோமே, அதே மாதிரி. பார்த்ததும் எனக்குப் புதுத்தோட்டம்தான் ஞாபகம் வந்தது.

சரி, நாணயத்துக்கு வருகிறேன்.

எங்கள் விடுதியைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் 'ஆயி' என்றுதான் கூப்பிடுவோம். சீனத்தில் அது சித்தி, அத்தை போன்ற ஒரு விளி. நம் ஊரிலும் தாயை ஆயி என்பார்கள் என்று முதல் வருடம் அவரிடம் சொன்னபோது அவ்வளவு சந்தோஷப்பட்டார். ஆயி லி இனத்தவர். ஹைனானின் பூர்வகுடிகள் லி மக்கள். அவர் சொந்த ஊர் சாங்ஜியாங் மாவட்டம், அதாவது பாவாங்லிங் இருக்கிற மாவட்டம். பாஸ்போர்ட் செல்லவில்லை என்று அவரிடம் போய் நின்றேன். "என் நம்பர் இருக்கே, போடு" என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவு பத்தரைக்கு முன்பதிவு திறந்தது. நாங்கள் பத்து மணிக்கே விடுதி வாசல் மேசையில் அவர் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். இதை முயற்சி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது: அடையாள எண், போன் எண், பெயர் மூன்றையும் முன்னாலேயே ஒரு குறிப்பில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். திறந்த நிமிடத்தில் எல்லோரும் உள்ளே நுழைவார்கள், ஒவ்வொரு எழுத்தாக அடிக்க நேரம் இருக்காது. நாங்களும் அடித்துத்தான் வைத்திருந்தோம். ஆனால் ஆயியின் எண் எக்ஸ் என்ற எழுத்தில் முடியும். சீன அடையாள எண்ணில் கடைசி இடம் சரிபார்க்கும் இலக்கம், கணக்கு பத்து என்று வந்தால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் போடுவார்கள். நான் அதைச் சின்ன எழுத்தில் அடித்திருந்தேன். பக்கம் ஏற்கவில்லை. பெரிய எழுத்தாக மாற்றி, படப் புதிரை மறுபடி நகர்த்தி, குறுஞ்செய்தி எண்ணுக்குக் காத்திருந்து முடிப்பதற்குள் ஹைக்கோவில் நாங்கள் பார்த்து வைத்திருந்த வங்கிக் கிளைகளில் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு கிளைக்கும் இத்தனை நாணயம் என்று முன்கூட்டியே பிரித்துவிடுவார்கள். நாம் எந்தக் கிளையைத் தேர்ந்தெடுக்கிறோமோ அங்கேதான் போய் வாங்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயி போனைத் தன் பக்கம் திருப்பினார். விரலால் பட்டியலை மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே போனார். "ஷிலு" என்றார். ஷிலு, சாங்ஜியாங் மாவட்டத்தின் தலைமை ஊர். அங்கே ஒரு கிளையில் இன்னும் இருந்தது. எண்ணிக்கைப் பெட்டியில் ஆறு என்று போட்டார். நான்கு போதும் என்றேன். "பேத்திகள் இரண்டு பேர்" என்றார். பதிவு முடிந்தது என்று பச்சை அடையாளம் வந்தபோது பத்தே முக்கால்.

அந்த வாரத்திலேயே அதே நாணயத்தை இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முதல் சுற்றில் பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்கள் நிறைய. அவர்கள் விட்டது பெரும்பாலும் மறுபடி மக்களுக்குத்தான் வரும், அதுவும் முகமதிப்புக்கே. 10 யுவான் நாணயத்தை 10 யுவான் கொடுத்து வாங்கலாம், சேவைக் கட்டணம் எதுவும் இல்லை.

எனக்கு இதில் பழைய வலி ஒன்று உண்டு. சீன மக்கள் வங்கி 1993-இலிருந்து 1999 வரை அரிய விலங்குகளுக்காக 5 யுவான் நாணயங்கள் பத்து வெளியிட்டது. பாண்டா, பொன்முடிக் குரங்கு, தென்சீனப் புலி, சீன முதலை என்று போகும் அந்த வரிசை. அதில் 1996-இல் வந்தது பைஜி, யாங்சி ஆற்றின் ஓங்கில், அதாவது டால்பின். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பழைய நாணயம் விற்கும் ஒருவரிடம் அதை வாங்கினேன். அறைக்கு வந்து, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை அருகில் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. செம்பு நாணயம் காந்தத்தில் ஒட்டாது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓங்கிலின் நீண்ட மூக்கின்மேல் ஊசி குத்தியது போலப் பொடிக் குழிகள், வார்ப்பில் வருபவை. அச்சில் அடித்த நாணயத்தில் அப்படி வராது. போலி. நல்லது ஒன்று கிடைக்க அதற்குமேல் எட்டு மாதம் ஆனது. இன்றும் என்னிடம் இருக்கிறது. 32 மில்லிமீட்டர், உள்ளங்கையில் கனமாக உட்காரும்.

அந்த நாணயத்தை அச்சடித்த நாளில் பைஜி ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தது. 2006-இல் ஆறு வாரம் யாங்சியில் படகில் போய்த் தேடினார்கள், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பத்தே வருடம். நாணயம் இருக்கிறது, அந்த உயிர் இல்லை. கிப்பன் நாணயத்தை நான் இவ்வளவு துரத்தியது இதனால்தான். கிப்பன் இருக்கும்போதே, எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே அது என் கையில் இருக்க வேண்டும் என்று பட்டது.

வாங்கும் நாளன்று அதிகாலை ஹைக்கோவிலிருந்து ரயிலில் கிளம்பினோம். பதிவு செய்தவர் அசல் அடையாள அட்டையோடு நேரில் போனால் வேலை சுலபம் என்பதால் ஆயி விடுப்பு எடுத்துக்கொண்டார். தீவின் மேற்குக் கரையில் ஓடும் அதிவேக ரயில், 2015 கடைசியில் வந்தது. ச்சிட்ஸிவான் நிலையத்தில் இறங்கி பஸ்ஸில் ஷிலு போக வேண்டும். வழியெல்லாம் முள்ளிலவு மரங்கள். பிப்ரவரி மார்ச்சில் வந்தால் இலையே தெரியாது, அத்தனையும் சிவப்புப் பூ என்று ஆயி சொன்னார். ஷிலு இரும்புச் சுரங்க ஊர். போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் இந்தச் சுரங்கத்தில் கட்டாய வேலை வாங்கி எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது ஆயி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வங்கியில் கூட்டம் இல்லை. டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். கவுன்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கிக் கருவியில் வைத்தார், திரையில் பார்த்தார், "ஆறு" என்றார். ஒரு நாணயச் சுருளைப் பிரித்து ஆறை எண்ணித் தட்டில் வைத்தார். நான் சேகரிக்கிறேன் என்று ஆயி அவரிடம் என்னைக் காட்டிச் சொன்னதும், அவர் தட்டில் வைத்ததையெல்லாம் தூக்கிப் பார்த்து, விளிம்பில் கீறல் இருந்த ஒன்றை எடுத்துவிட்டு வேறு கொடுத்தார். அதை நான் கேட்கவே இல்லை. சுருளில் ஒன்றோடொன்று உரசி வருவதால் சின்னக் கீறல் இருக்கத்தான் செய்யும். பணிவாகக் கேட்டால் சிலர் மாற்றித் தருவார்கள்.

நாணயத்தை மூடி வைக்கும் 27 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கேப்சூல் ஆறு, பருத்திக் கையுறை ஒரு ஜோடி கொண்டு போயிருந்தேன். வெறும் விரலால் முகத்தைத் தொடாதீர்கள், விளிம்பைப் பிடியுங்கள். ஹைக்கோ ஈரத்தில் விரல் ரேகை பட்ட இடம் ஒரு மழைக்காலத்திலேயே பழுப்பாகிவிடும். அழுக்கானாலும் பல்பொடி, புளி எதுவும் போட்டுத் தேய்க்கக் கூடாது. மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் போதும்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து முதல் கேப்சூலை ஆயியிடம் கொடுத்தேன். செம்புக் கலவையில் இரண்டு நிறம். சாய்த்தால் வெளிச்சம் வளையத்திலிருந்து நடுவுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. ஆயி கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மூக்குக்கு அருகில் வைத்துக் கிப்பனையே பார்த்தார். "சின்னதில் எல்லாம் ஒரே மாதிரிதான்" என்றார். கிப்பன் பிறக்கும்போது பொன்னிறம். வளர வளரக் கறுத்துவிடும். பெண் மட்டும் பருவம் வந்ததும் மறுபடி பொன்னிறமாகும். ஆண் கறுப்பாகவே இருக்கும். ஆயியின் அப்பா சிறுவனாக இருந்தபோது விடியலில் மலையிலிருந்து அதன் குரல் வீடு வரை கேட்குமாம். ஆயி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பாவாங்லிங்கில் மக்கள் நடக்கும் பாதை உண்டு, நான் போயிருக்கிறேன், கிப்பன் இருக்கும் உட்காட்டுக்கு யாரையும் விடுவதில்லை. விடக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். பூங்கா மொத்தம் 4,269 சதுர கிலோமீட்டர். 2021 அக்டோபரில் சீனா அறிவித்த முதல் ஐந்து தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று. அதில் அந்த 42-க்கும் கிடைத்திருப்பது ஒரு மூலை.

இரண்டு பேத்திகளுக்கு. ஒன்று ஆயிக்கே, வேண்டாம் என்றவரின் பையில் நான்தான் போட்டேன். ஒன்று எங்கள் உடற்கூறியல் ஆசிரியருக்கு. ஒன்று என் ஆல்பத்தில், பைஜிக்குப் பக்கத்தில்.

ஆறாவதை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கொடுத்தேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"வால் எங்கம்மா?"

"வாலே கிடையாதுப்பா இதுக்கு."

"அப்ப எப்படித் தாவும்?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள், "பாலம் கட்டியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"கட்டியிருக்காங்கப்பா. ரெண்டு கயிறு."