முடிவு தெரிந்த பிறகுதான் ருசி

நேற்று ராத்திரி திரும்பவும் ‘சைக்கோவில்’ (Psychoville) முதல் சீசன், நாலாவது எபிசோட். 2009இல் பிபிசியில் வந்த திகில் நகைச்சுவைத் தொடர். ஒரே அறை, ஓர் அம்மா, கொலைகாரர்களின் சரித்திரத்தைக் கரைத்துக் குடித்த மகன், பெட்டிக்குள் ஒரு பிணம். அப்போது பார்த்து ஒருவர் கதவைத் தட்டுகிறார். அரை மணி நேரத்தில் மொத்தமே இரண்டு ஷாட்! 1948இல் ஹிட்ச்காக் வெட்டே தெரியாதபடி நீள நீள ஷாட்களாக எடுத்த ‘ரோப்’ படத்துக்கு அப்பட்டமான வணக்கம் இது. அம்மாவாக ரீஸ் ஷியர்ஸ்மித், மகனாக ஸ்டீவ் பெம்பர்டன் (அந்த அம்மா நைட்டியில் வந்து நின்றாலே எனக்குச் சிரிப்பு).

முதல் தடவை பார்க்கும்போது ‘மாட்டுவார்களா’ என்ற பதற்றத்திலேயே பாதி போய்விடும். முடிவு தெரிந்தபின் பார்த்தால்தான் வேலைப்பாடு தெரிகிறது: கேமரா எந்தப் பக்கம் வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறது, எந்த ஜோக் அடுத்த திகிலுக்கு வழி போடுகிறது என்று. அதற்கப்புறம் ‘ரோப்’பைப் போட்டால், பிணத்தை ஒளித்த பெட்டி மேலேயே விருந்து பரிமாறும் அந்தக் காட்சிக்கும் சிரிப்பு வருகிறது. ஹிட்ச்காக்கும் கிண்டல்காரர்தானே.

இதே ஜோடி பிறகு எடுத்த ‘இன்சைட் நம்பர் 9’ தொடரில் எபிசோடுக்கு ஒரு முயல் சிலை எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தேடுவதற்காகவே இந்த வாரக் கடைசியில் உட்காரப் போகிறேன். யாராவது வருகிறீர்களா?