மணிச் சத்தத்துக்கு எழுந்தவர்

அப்பா முப்பத்தோரு வருடம் ஒரே அலுவலகத்தில் பியூனாக இருந்தார். அதிகாரி அறைக்கு வெளியே ஒரு மர ஸ்டூல், உள்ளே மேசைமேல் அழைப்பு மணி. ஒருமுறை அடித்தால் அப்பா, இருமுறை அடித்தால் கிளார்க். பள்ளி விடுமுறையில் சில நாள் நானும் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஏதோ கதை சொல்லிக்கொண்டிருப்பார். மணி கேட்டதும் பாதிச் சொல்லில் எழுந்துவிடுவார். திரும்பி வந்தால், விட்ட இடம் அவருக்கு நினைவிருக்காது. ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பில் இறந்துபோனார்.

நாங்கள் பட்டினி கிடந்ததில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். அதனால் கல்லூரியில் சமூகவியல் படித்தபோது, வர்க்கம் என்பது ஆலைகளைப் பற்றிய பேச்சு, நம் வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றே நினைத்தேன். உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் இருக்கின்றன என்று கேட்டார் மார்க்ஸ். அப்பாவின் அதிகாரிக்கும் எதுவும் சொந்தமில்லையே, அவரும் சம்பளக்காரர்தானே? மாக்ஸ் வெபர் கொஞ்சம் நெருங்கி வந்தார். பொருளாதார நிலை ஒன்று, சமூக மதிப்பு வேறு, அதிகாரம் வேறு, மூன்றும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை என்றார். ஸ்டூலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இருப்பது சம்பள வித்தியாசம் மட்டுமில்லை என்று அப்போதுதான் லேசாக உறைத்தது.

1945இல் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் முன்வைத்த வாதத்தையும் படித்தோம். சமூகத்துக்கு மிக முக்கியமான பொறுப்புகளுக்குத் தகுதியானவர்கள் வரவேண்டும், அதற்காகத்தான் அவற்றுக்குக் கூடுதல் ஊதியமும் மதிப்பும், ஆகவே ஏற்றத்தாழ்வு ஒரு தேவை என்பது அதன் சாரம். தேர்வில் அதைப் பிசகாமல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. எது முக்கியமான வேலை என்று யார், எப்படி அளந்தார்கள்? வாய்ப்பே கிடைக்காத வீடுகளில் இருக்கும் திறமையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மெல்வின் டியூமின் 1953இலேயே இதையெல்லாம் கேட்டுவிட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்விகள் தாமதமாக வந்தன.

அப்பா இறந்து பல வருடம் கழித்து, லண்டனில் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வைப் படித்தேன். 1967இல் தொடங்கியது. ஏறக்குறைய 17,500 ஆண்களை ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, மைக்கேல் மார்மட்டும் உடனிருந்தவர்களும் 1978இல் எழுதிய கட்டுரை அது. ஆலைத் தூசியோ சுரங்கமோ இல்லை, எல்லோருமே அலுவலகத்துக்காரர்கள். உச்சியில் நிர்வாக அதிகாரிகள், அடியில் கோப்பும் கடிதமும் கொண்டுபோகிற ஊழியர்கள். என் அப்பாவின் வேலை! இதய நோயால் இறப்பது அடிமட்டத்தில் உச்சியைப்போல் 3.6 மடங்கு இருந்தது. நடுவில் இருந்தவர்களும் தப்பவில்லை. படி இறங்க இறங்கச் சாவு கூடியது.

கீழ்நிலையில் இருந்தவர்கள் அதிகம் புகைத்தார்கள், ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரிடம் இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்ற கேள்வி அங்கேதான் முன்னுக்கு வந்தது. அந்தப் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது.

அப்பாவும் புகைத்தவர்தான். ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிய ஆய்வு, ஒரு தனி ஆளின் சாவுக்கு விடை சொல்லாது. தெரியும். இருந்தும் அந்த அட்டவணையின் கடைசி வரிசையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவருடைய வேலை பாரமானது இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கோப்பு கனக்காதுதான். எந்த நிமிடம் எழவேண்டும் என்பது முப்பத்தோரு வருடமும் வேறொருவர் விரலில் இருந்ததை நான் பாரமாக எண்ணிப் பார்த்ததே இல்லை.

வாழ்ந்த நிலை உடம்பில் படிந்து, யோசிக்காமலே வெளிப்படும் இயல்பாகிவிடுவதைப் பியர் பூர்தியூ ஹாபிட்டஸ் என்றார். அவருடைய எழுத்து கடினமானது. எனக்கு இந்த இடம் மட்டும் கடினமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாராவது வாசல் மணியை அடித்தால், கதவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்தாலும் உள்ளறையிலிருந்து அப்பாதான் முதலில் எழுந்து வருவார்.

முதல் மாரடைப்பு வந்தபோது மருத்துவமனையில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். நர்ஸை அழைக்க, கட்டிலோரம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை எப்படி அழுத்துவது என்று நானே காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் இரவு வீட்டுக்கு வந்தேன். காலையில் போனால் உதடெல்லாம் காய்ந்து கிடந்தார். ராத்திரி முழுக்கத் தாகமாம். தண்ணீர்க் குவளை எட்டவில்லையாம்.

"பட்டனை அழுத்த வேண்டியதுதானேப்பா?"

"அதுங்க பாவம், இப்பத்தான் உட்கார்ந்துச்சுங்க. அழுத்தினா எழுந்து வரணும்ல, பாப்பா."