சத்து மாத்திரைதான்

"மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க. முடி கொட்டுதேன்னு சத்து மாத்திரைதான், காலைல ஒண்ணு."

ரத்தப் பரிசோதனை லேபில், படிவத்தில் 'மருந்து: இல்லை' என்று எழுதினேன். சத்து மாத்திரையை மருந்துக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

ரத்தம் எடுத்ததில் குறை சொல்ல முடியாது. மஞ்சள் மூடிக் குழாய், அரை மணி நேரம் உறையவிட்டு, 3000 சுற்றில் பத்து நிமிடம். மேலே தெளிந்து நிற்கும் சீரம் சிவக்கவில்லை. சிவந்திருந்தால் ஃபோலேட் என்கிற விட்டமின் சோதனையையாவது நிறுத்தியிருப்பேன். உடைந்த சிவப்பணுவிலிருந்து கசிந்து அளவைக் கூட்டிவிடும். மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் காலை க்யூ.சி. இரண்டு லெவலும் சரி. விட்டமின் பி12: 410 பிகோகிராம், குறைவில்லை. ரிப்போர்ட் போய்விட்டது.

அந்த மாத்திரையில் 10 மில்லிகிராம் பயோட்டின், அதுவும் ஒரு பி விட்டமின். உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். எங்கள் கிட்டில் பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம் பூசிய காந்தமணிகள், பயோட்டின் ஒட்டிய வினைப்பொருளைப் பிடித்து வைக்கும். சீரத்தில் மிதக்கும் பயோட்டின் முந்திக்கொண்டு இடத்தை அடைத்தால் சிக்னல் இறங்கும். பி12, விட்டமின் டி எல்லாம் போட்டி முறை, சீரத்தில் இருக்கும் விட்டமினும் கிட்டில் இருப்பதும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். சிக்னல் இறங்கினால் விட்டமின் அதிகம் என்று மெஷின் கணக்குப் போடும். தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.ஹெச். சாண்ட்விச் முறை, அங்கே தலைகீழ், சிக்னல் இறங்கினால் அளவு குறைவு. க்யூ.சி. திரவத்தில் இந்த அளவு பயோட்டின் கிடையாது. பிறகு அது எதைக் காட்டிக்கொடுக்கும்?

இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதே ஆளுக்கு விட்டமின் டி 62 என்று தூக்கலாக, டி.எஸ்.ஹெச். 0.3 என்று இறங்கி, சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 112, பி12 குறைந்தால் ஏறுவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால் உறுத்தியிருக்கும். எம்.சி.வி. பக்கத்து பெஞ்சில் ஓடியது என்பதெல்லாம் ஒரு காரணமா? 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரித்தது, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து வந்ததை அடுத்து ஒருவர் இறந்ததையும் சொல்லி. கிட்டோடு வரும் தாளிலும் இருக்கிறது. படித்ததுதான்.

அவருக்குக் கால் மரத்துப்போவது, பி12 குறைந்தாலும் வருவது, நிற்கவில்லை என்று டாக்டரிடமிருந்து போன் வந்தது. மாத்திரையை நிறுத்தி மறுபடி எடுத்தோம்: பி12 138, குறைவு.

"நான் அன்னைக்கே சொன்னேனேங்க" என்றார் மாத்திரை சாப்பிட்டவர். கோபமாகக்கூட இல்லை.

இப்போதெல்லாம் முடி, நகத்துக்கு மாத்திரை உண்டா என்று தனியாகக் கேட்கிறேன். உண்டென்றால் மூன்று நாள் நிறுத்திவிட்டு வாங்க என்கிறேன். தாளில் போட்டிருப்பது கடைசி மாத்திரைக்குப் பின் குறைந்தது 8 மணி நேரம். மூன்று நாள் என் பயம். பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.