56 இருக்கு, 58 இருக்கு, 57 இல்ல

வலது குதிகால்ல ஒன்னு தடிச்சு வந்தப்போ எங்க ஆச்சி பாத்துட்டு "கால் ஆணிய்யா"ன்னுட்டா, நானும் ஜங்ஷன்ல மெடிக்கல்ல கார்ன் கேப் வாங்கி ஒட்டி ஒட்டியே எட்டு மாசத்த ஓட்டிட்டேன். அதுக்குள்ள சின்னவளுக்கும் பாதத்துல வந்துட்டு. எங்கிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சோன்னு மனசு கெடந்து அடிச்சுது.

பாளையங்கோட்டைல ஸ்கின் டாக்டர் ரெண்டு பக்கமும் விரல வச்சு நசுக்குனாரு, உயிரே போயிட்டு. பிளேடால மேல்தோல சீவுனதும் உள்ள கருப்பு கருப்பா புள்ளி, கடுகுல பாதி கூட இருக்காது, ரத்தம் உறைஞ்ச சின்ன நாளமாம். ஆணின்னா தோல் ரேகை அது மேலயே ஓடுமாம், மருன்னா சுத்தி விலகிப் போகுமாம். ரெண்டு பேருக்கும் மரு, எச்.பி.விங்கிற வைரஸால வர்றது, அதுல நம்பர் போட்டு நிறைய டைப் இருக்காம். வைத்தியத்துக்கு டைப் தெரியணும்னு அவசியம் இல்லன்னு அவரு சொல்லத்தான் செஞ்சாரு, எனக்குத்தான் ரெண்டும் ஒன்னான்னு தெரிஞ்சே ஆகணும்.

ஒரு லேப்ல எச்.பி.வி டெஸ்ட்டுன்னு குடுத்தோம், ரெண்டு பேருக்கும் நெகட்டிவ். அப்போ மருவே இல்லையான்னு குழம்பிப் போய் சித்தி மகட்ட ரிப்போர்ட்ட அனுப்புனேன், அவ பயோடெக்னாலஜில ஆராய்ச்சி பண்ணுதா. "அண்ணே, இது கர்ப்பப்பை வாய் புத்துநோய்க்கு பாக்குற டெஸ்ட்லா, அடில பாரு"ன்னா. பொடி எழுத்துல 14 நம்பர், 16, 18, 31ன்னு போகுது. கால் மருவுல பெரும்பாலும் இருக்குறது 1, 2, 4, 27, 57 இதுங்கதானாம், ஒன்னு கூட அதுல இல்ல. தேடாதத இல்லன்னு எழுதிக் குடுத்துருக்காங்க, ஒரு வார்த்த கேட்டுருக்கலாம். நீங்க குடுக்கதுக்கு முன்னாடி எந்தெந்த டைப் பாப்பீங்கன்னு கேளுங்க.

அப்புறம் டாக்டர் லெட்டரோட, கையெழுத்தெல்லாம் போட்டு, சித்தி மக லேப்புக்கே குடுத்தோம். சீவுன தோல் தூள காஞ்ச டியூப்ல போடணும், கெடாம இருக்கன்னு பார்மலின்ல போட்டா டி.என்.ஏ துண்டு துண்டாயிருமாம். இந்த வைரஸ சாதாரணமா வளத்துப் பாக்க முடியாது, அடுக்கடுக்கா முதிர்ற தோல்லதான் அது முழுசாகும், அதனால டி.என்.ஏவத்தான் தேடணும். தோல ஒரு என்சைம்ல ராத்திரி பூரா ஊற வச்சு கரச்சு, டி.என்.ஏவ நகல் எடுத்துப் பெருக்குற பி.சி.ஆர் மெஷின்ல வச்சாங்க. 95 டிகிரில இழை ரெண்டா பிரியும், சூடு இறங்குனதும் பிரைமர்ங்கிற குட்டி டி.என்.ஏ துண்டு ஒட்டும், 72ல நகல் எடுக்கும், இப்படியே 40 ரவுண்டு. கூடவே மனுஷனோட பீட்டா குளோபின் ஜீனையும் பாத்தாங்க, அது வரலன்னா சாம்பிளே சரியில்லன்னு அர்த்தம், நெகட்டிவ நம்பக்கூடாது. வெறும் தண்ணி ஊத்துன டியூபும் ஒன்னு ஓடுச்சு, தேடுன டி.என்.ஏ இருந்தா கடைசில ஜெல்ல கோடா தெரியும், தண்ணிக்கும் கோடு வந்தா எங்கயோ கலந்துட்டுன்னு தெரிஞ்சுரும்.

ஜெல் படத்த வாட்ஸப்ல அனுப்புனா. எங்க ரெண்டு பேர் வரிசைலயும் வெள்ளக் கோடு பளிச்சுன்னு இருந்துச்சு, தண்ணி வரிசை காலி. ஆனா கோடு வச்சு டைப் சொல்ல முடியாது, 2, 27, 57 மூணும் நெருங்குன சொந்தமாம், எழுத்து எழுத்தா சீக்வென்ஸ் படிச்சாத்தான் பிரியும். வைரஸோட எல்-1ங்கிற ஜீன்ல பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தாத்தான் தனி டைப்புன்னு நம்பர் குடுப்பாங்களாம்.

சின்னவளுக்கு 1. எனக்கு 57. அந்தப் பழைய ரிப்போர்ட்ட திரும்ப எடுத்துப் பாத்தேன், 56 இருக்கு, 58 இருக்கு, நடுவுல என்னோடது மட்டும் இல்ல.

வைத்தியம் ரெண்டு பேருக்கும் அதே சாலிசிலிக் ஆசிட்தான். அவளுக்கு மூணு மாசத்துல உதுந்துட்டு, எனக்கு இன்னும் பாதி இருக்கு. ஆனா அவளுக்கு வந்தது என்னோடது இல்லன்னு தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரிதான் நான் நிம்மதியா தூங்குனேன்.