ஒரு பரிமாறலுக்கு 2 உருண்டை

"நாலு உருண்டைன்னுதானே போட்டிருக்கு? அதை ரெண்டுன்னு மாத்திடுங்க. சட்டப்படி அதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"தப்பில்லை சார்."

கூட்டத்தில் நடந்தது இவ்வளவுதான். கேட்டவர் விற்பனைப் பொறுப்பாளர், பதில் சொன்னது நான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பேச்சு உடனே டீலர் கமிஷனுக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்த அரை நிமிடம் இன்னும் முடியவில்லை.

மீல் மேக்கர் குருணையில் செய்து, முக்கால் பதத்துக்குப் பொரித்து உறைய வைத்த கோலா உருண்டை அது. 200 கிராம் பாக்கெட்டில் 25 கிராம் உருண்டை எட்டு. 100 கிராமில் 722 மில்லிகிராம் சோடியம். லேபிளில் சதவீதம் கணக்கிட நாள் ஒன்றுக்கு 2000 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்குச் சொல்லும் 5 கிராம் உப்பும் ஏறக்குறைய இதே அளவுதான். நான்கு உருண்டையை ஒரு பரிமாறல் என்று வைத்தால் 36 சதவீதம் வரும், இரண்டு என்றால் 18. உருண்டை அதே உருண்டைதான்.

சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றைத் தடித்த, பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற முன்மொழிவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூலையில் ஒப்புதல் தந்தது. அதையொட்டித்தான் அந்தக் கூட்டமே கூடியது. 36 என்ற எண் பெரிய எழுத்தில் வந்தால் கடையில் எடுப்பவர் திரும்ப வைத்துவிடுவார் என்ற பயம் விற்பனைப் பொறுப்பாளருக்கு. நியாயமான பயம்தான். அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் திரும்ப வைக்க வேண்டும் என்பதற்காகத்தானே அதைப் பெரிதாகப் போடச் சொல்கிறார்கள்?

அவர் கேட்டது சட்டம். பரிமாறும் அளவைத் தயாரிப்பாளரே முடிவு செய்யலாம். 100 கிராமுக்கு எவ்வளவு என்பதும் பக்கத்திலேயே அச்சாகிறது, எதையும் மறைக்கவில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆளுக்கு இரண்டு என்பது இயல்பான கணக்கு. ஆக, நான் சொன்னது பொய்யில்லை. இப்படிப் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் கையிலிருந்த கோப்பில் 480 மில்லிகிராம் சோடியத்தில் ஒரு செய்முறை தயாராக இருந்தது. அதை நான் திறக்கவில்லை.

அந்த 722 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்ததில்தான் இந்த வேலை தொடங்கியது. தாவர உணவு தயாரிக்கும் எல்லோரும் ஒருமுறையாவது செய்ய வேண்டிய கணக்கு இது. நேரடியாகப் போடும் உப்பு 100 கிராமுக்கு 1.2 கிராம். உப்பில் சோடியம் 39.3 சதவீதம் என்பதால் 472 மில்லிகிராம். மசாலா 4 கிராம். வெளியிலிருந்து வாங்கும் அந்தக் கலவையிலேயே 8 சதவீதம் உப்பு, அதில் 126. உருண்டை பிடிக்கச் சேர்க்கும் சோயா புரத ஐசோலேட் 6 கிராம், அதில் 60. கறிச்சுவைக்காகப் போடும் ஹைட்ரலைஸ்டு புரதம் 0.4 கிராம், அதில் 64.

ஐசோலேட்டில் உப்பு எப்படி என்று பலரும் கேட்பார்கள். சோயா மாவிலிருந்து புரதத்தைக் கரைத்தெடுத்து, அமிலம் சேர்த்து பிஎச் 4.5 வரை இறக்கித் திரள வைப்பார்கள். பிறகு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) சேர்ப்பார்கள். அந்தச் சோடியம் அதிலேயே தங்கிவிடும், ஐசோலேட்டின் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம். நாக்கில் உப்பாகத் தெரியாது, உடம்புக்குச் சோடியம் சோடியம்தான். ஹைட்ரலைஸ்டு புரதத்திலும் இதே கதை. அமிலத்தில் வேக வைத்து, காரத்தால் சமன் செய்யும்போது உப்பு உருவாகிவிடுகிறது. ஆக மொத்தம் 250 மில்லிகிராம், உப்பு டப்பாவைத் தொடாமலே உள்ளே வந்திருக்கிறது.

இதை எடுப்பதுதான் அந்த 480 செய்முறை. மசாலாவை உப்பில்லாமல் நாங்களே அரைத்தோம். சோம்பு, கசகசா, வரமிளகாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்தது வாசனைக்கும் நல்லதாகப் போயிற்று. ஹைட்ரலைஸ்டு புரதத்துக்குப் பதில் உப்புக் குறைந்த ஈஸ்ட் சாறும் உலர்ந்த காளான் பொடியும். ஐசோலேட்டின் இடத்தில், செட்டிநாட்டுச் சமையலறையில் கோலாவுக்கு எப்போதும் போடும் அதே பொட்டுக்கடலை மாவு, 8 கிராம். எங்கிருந்தோ கப்பலில் வரும் பொருளை விட்டுவிட்டு, பக்கத்து மளிகைக்கடையில் கிடைக்கும் பருப்புக்குத் திரும்பியதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பருப்புப் பயிர் வேரில் நைட்ரஜனைச் சேர்க்கிறது. டெல்டாவில் சம்பா அறுப்புக்குப் பின் நெல் தரிசில் விதைக்கும் உளுந்தும் பயறும் மிஞ்சிய ஈரத்திலேயே விளைந்துவிடும். மண்ணையும் உடம்பையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவருக்கு மூலப்பொருள் தேர்வுதான் பெரிய வாய்ப்பு. பாக்கெட்டின் முன்பக்கம் போடும் பச்சை இலைப் படத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

புரதம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் புரதம் நிறைந்தது என்று சொல்லும் தகுதி போகவில்லை.

சுவையில் ஒரு சிக்கல் வந்தது. குருணையை ஊற வைக்கும் வெந்நீரில் உப்புப் போடுவது எங்கள் பழைய முறை. 80 முதல் 85 டிகிரி நீரில் கால் மணி நேரம் ஊறும்போது உப்பு குருணையின் நடுவரை போய்விடும். மென்று விழுங்குவதற்குள் அது நாக்குக்கு வந்து சேராது, பாதி வீண். அதனால் ஊறலை உப்பில்லாமல் செய்தோம். நீரை ஒருமுறை மாற்றிக் கழுவிப் பிழிந்தோம். சோயாவின் பச்சை வாடையும், வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கும் அந்த நீரோடு போய்விடும். பிழிந்த பிறகு எடை காய்ந்த குருணையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் நிற்கக் கூடாது. அதிகம் நின்றால் உறையும்போது பனிக்கட்டியாகி, உருகும்போது நீராக வடியும், மசாலாவையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உப்பைப் பொடியாக அரைத்து, எண்ணெயில் குழைத்து, பிசையும்போது கடைசியில் சேர்த்தோம். எண்ணெய் சுற்றியிருப்பதால் சட்டென்று கரையாது, கடிக்கும்போது தெரியும். கூடவே நெல்லிக்காய்ப் பொடி கொஞ்சம். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் எலுமிச்சை பிழிகிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும் என்பதால், நெல்லிக்காயில் கணிசமாக இருக்கும் அதில் பொரித்த பிறகு என்ன மிஞ்சினாலும் லாபம்.

பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். கால் பங்குவரை கசப்பு பெரிதாகத் தெரியாது என்பது உண்மை. நான் வேண்டாம் என்றேன். மட்டனைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பியவர்கள்தான் இந்தப் பாக்கெட்டை அதிகம் வாங்குகிறார்கள். அவர்களில் சிறுநீரகம் பலவீனமானவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் இருப்பார்கள். இந்த விஷயத்தில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

முக்கோணச் சோதனை நடத்தினோம். மூன்று தட்டு, இரண்டில் ஒரே செய்முறை, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். 24 பேரில் 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்டு என்று கொள்ளலாம். எங்களுக்கு 11 வந்தது.

இவ்வளவும் இருந்தும் கோப்பை ஏன் திறக்கவில்லை? அப்போது எனக்கிருந்த காரணம் உதிர்வு. பொட்டுக்கடலை மாவின் ஸ்டார்ச் உறைந்து உருகும்போது இறுகி நீரை வெளியே தள்ளும். தொழிற்சாலையில் மைனஸ் 18 டிகிரியில் ஆறு வாரம் வைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. கடையிலிருந்து திரும்ப வாங்கிய மாதிரி பாக்கெட்டில் எட்டுக்கு மூன்று உருண்டை எண்ணெயில் போட்டதும் உடைந்து மண்ணாகப் படிந்தன. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் ஃப்ரீசரை அணைக்கும் கடைகள் உண்டு. உருகி, காலையில் மறுபடி உறைந்து, அப்படியே பத்து நாள் போனால் எந்த உருண்டையும் தாங்காது. இசப்கோல் உமி 0.8 சதவீதம் சேர்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிடித்தால் இது பெருமளவு சரியாகிறது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதை ஆறு வாரம் வைத்துப் பார்க்க நேரம் கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் நேரம் கேட்பது, தயாராக இல்லை என்று ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று நினைத்தேன். முழுதும் சரியில்லாத செய்முறையைக் காட்டி அதை நிரந்தரமாக ஓரங்கட்ட வைத்துவிடக் கூடாது என்றும் நினைத்தேன். இதில் எது உண்மையான காரணம், எது பிறகு வந்து சேர்ந்தது என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை.

செலவு என்றும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பாக்கெட் ஃபிலிமை மாற்றினால் அச்சு சிலிண்டர் புதிதாக வெட்ட வேண்டும், அது சின்னச் செலவில்லை. ஆனால் பரிமாறும் அளவும் மூலப்பொருள் பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் ஒரே கறுப்பு எழுத்துச் சிலிண்டரில்தான் இருக்கின்றன. நான்கை இரண்டாக்க அந்தச் சிலிண்டரை வெட்டத்தான் செய்தோம். அதே செலவில் செய்முறையையும் மாற்றி எழுதியிருக்கலாம். இது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இன்னொன்று உறுத்துகிறது. உண்மையாகச் சோடியத்தைக் குறைத்திருந்தால், நான்கு உருண்டைக்கு 24 சதவீதம் என்று அச்சாகியிருக்கும். எண்ணிக்கையை மட்டும் மாற்றியதில் 18 வந்தது. பெரிய எழுத்தில் நிற்கப்போகும் எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், மாதக்கணக்கான வேலையைவிட ஒரு எழுத்து மாற்றம் நல்ல பெயர் வாங்கித் தருகிறது. விதிமுறை எழுதுகிறவர்கள் பரிமாறும் அளவை உணவு வகைக்கு ஏற்ப நிர்ணயித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அதுவரை அது எங்கள் கையில் இருக்கிறது, எங்கள் பொறுப்பிலும்.

பச்சை மட்டனில் சோடியம் மிகக் குறைவு, 100 கிராமுக்கு 70 மில்லிகிராம் அளவில்தான். உப்பு எவ்வளவு என்பதை வீட்டில் சமைப்பவர் கை முடிவு செய்யும். அப்பாவுக்கு பிபி என்றால் அந்தக் கை தானாகக் குறைத்துப் போடும். தயாராகச் செய்து தரும்போது அந்தக் கை எங்களிடம் வந்துவிடுகிறது. இறைச்சியை விட்டு வருபவருக்கு நார்ச்சத்து கூடுகிறது, நிறைவுற்ற கொழுப்பு குறைகிறது (பாமாயிலில் பொரிக்காதவரை, நாங்கள் தவிட்டு எண்ணெய்க்கு மாறியிருந்தோம்) என்று பெருமைப்பட்டுக்கொண்டே உப்பில் அந்த நன்மையின் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். பி12 பற்றியும் பேச வேண்டும். தாவரத்தில் அது கிடையாது, சேர்த்தால்தான் உண்டு. அந்தக் கூட்டம் அதுவரை போகவே இல்லை.

நுகர்வோர் அழைப்புப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. "பிபி உள்ளவர் எத்தனை சாப்பிடலாம் என்று கேட்டார். லேபிளில் உள்ளபடி 2 என்று சொல்லப்பட்டது." பதில் சொன்ன பெண் சரியாகத்தான் சொன்னார். இரண்டோடு நிறுத்தியிருந்தால் கேட்டவருக்கும் நல்லதுதான். அப்படியானால் 2 என்று போட்டது நல்லதாகவே முடிந்தது என்று சொல்லலாமா? சொல்லிப் பார்க்கிறேன். எட்டில் மிச்சம் ஆறைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கிறவர் யார் என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது.

பிறகு செய்தது இதுதான். ஃபிலிம் ஆர்டர் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. பிரிட்டனில் ரொட்டி உப்பை இப்படித்தான் இறக்கினார்கள். 2001இல் 100 கிராமுக்குச் சராசரி 1.23 கிராம் இருந்தது, 2011இல் 0.98க்கு வந்தது. நாக்கு பழகிக்கொள்ளும். ஒரேயடியாக இறக்கி, உப்புக் குறைத்தது என்று முன்பக்கம் போட்டால் சப்பென்று இருக்கும் என்று வாயில் வைக்கும் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். முதல் ஆர்டரில் மசாலா உப்பை எடுத்தோம், 596. இரண்டாவதில் ஹைட்ரலைஸ்டு புரதம் போயிற்று. ஐசோலேட்டுக்குப் பதில் பொட்டுக்கடலையும் இசப்கோலும் சேர்ந்த பேட்ச் இப்போது கடை ஃப்ரீசரில் நான்காவது வாரத்தில் இருக்கிறது. இம்முறை ராத்திரி அணைக்கும் கடைகளாகப் பார்த்தே வைத்திருக்கிறோம். விற்பனைப் பக்கம் இந்தக் குறைப்பை நான் பெரிதாகச் சொல்லவில்லை. அட்டவணையில் எண் மாறுகிறது, பார்ப்பவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக வந்த ஃபிலிம் ரோலின் மாதிரித் துண்டு மேசையில் இருக்கிறது. 100 கிராமுக்குச் சோடியம் 535 மில்லிகிராம். அதற்குக் கீழே, ஒரு பரிமாறலுக்கு 2 உருண்டை. ஆர்ட்வொர்க் படிவத்தில் திருத்தம் எழுதும் கட்டத்தில் 4 என்று ஒருமுறை எழுதினேன். கையெழுத்துப் போடாமல் உறைக்குள் வைத்திருக்கிறேன்.