மாட்டு டாக்டர் ஆக நீட் எழுதணுமா?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "பிடித்த தொழிலைப் பற்றித் தேடி எழுதுங்கள்" என்றால் பாதிப் பேர் யூடியூபோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் இந்த முறை வகுப்பு முழுவதற்கும் ஒரே கேள்வி: கால்நடை மருத்துவர் ஆக நீட் எழுத வேண்டுமா?

ஒரு வீடியோ கட்டாயம் என்றது, இன்னொன்று தேவையே இல்லை என்றது. வகுப்பில் சண்டை. (நல்ல சண்டைதான், நான் தடுக்கவில்லை.) அப்புறம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டைத் திறந்தோம். மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்; அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கு நீட். ஆக, இரண்டு வீடியோவும் பாதிதான் சொல்லியிருந்தன. உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்துப் படிப்பு ஐந்தரை வருடம் என்றதும் பின்வரிசையில் ஒரு பெருமூச்சு.

இணைய முகவரி அரசுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரிய 'கவ் டாட் இன்', 'ஏசி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்ப்பதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். எந்த ஆண்டுக் கையேடு என்று பார்க்க வைப்பதுதான் பெரும்பாடு. தேடலில் முதலில் வந்து நிற்பது பழைய கையேடாகக்கூட இருக்கலாம். "இதைச் சொல்பவருக்கு விற்க ஏதாவது இருக்கா?" என்ற கேள்வியை மட்டும் ரொம்பவே ரசித்தார்கள். இப்போது எந்த கோச்சிங் விளம்பரத்தையும் விடுவதில்லை.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பது கையேட்டில் கிடைக்காது. அதற்கு ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் கேட்கக் கேள்விகள் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். வந்து சேர்ந்த முதல் கேள்வி: "மாடு உதைச்சா லீவு தருவாங்களா சார்?"